சாம்பிராணி குடித்த டவர்

திருவொற்றியூர்க் கடற்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும் என்று சொல்வதெல்லாம் காற்றுக்குக் கொடுக்கும் மரியாதை. உண்மையில் அது தின்றுவிடும். மாலையில் கடலோரம் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சுண்டல் வாங்கப் போன ஒரு மனிதர், மாங்காய் கொஞ்சம் கூடப் போடச் சொல்லித் தாமதித்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் மணி மட்டும்தான் கிடந்தது. அது பித்தளை. அதைக் கையில் எடுத்து கிணுகிணுவென்று அடித்துக்கொண்டே, வழிவிடச் சொல்லி, அவர் வீட்டுக்கு நடந்தே போய்ச் சேர்ந்தார்.

இந்தக் காற்றில் செல்போன் டவர்களை உயிரோடு வைத்திருப்பதுதான் சுயம்புவின் வேலை. ராயபுரத்தில் தொடங்கி காட்டுப்பள்ளி வரைக்கும் உள்ள டவர்களைப் பராமரிக்கும் ஒப்பந்தக் கம்பெனியில் அவன் டெக்னீஷியன். பூர்வீகம் தெற்கே. அப்பா திருவொற்றியூரில் மளிகைக் கடை வைத்தவர்; கடையை அண்ணன் எடுத்துக்கொண்டான், சுயம்பு டவரை எடுத்துக்கொண்டான். ஆனாலும் ஊரில் அவனுக்கு அண்ணாச்சி என்ற பெயர் போகவில்லை. டவர் மேலே ஏறி நிற்கும்போதும் கீழே இருந்து யாராவது, "அண்ணாச்சி, துவரம்பருப்பு வந்துச்சா?" என்று கேட்பார்கள். வந்துவிட்டது என்று மேலே இருந்தே பதில் சொல்வான்.

டவர் என்றால் எல்லோரும் உயரத்தைப் பார்ப்பார்கள். அதன் உயிர் கீழே இருக்கிறது, பீரோ மாதிரி ஓர் இரும்புப் பெட்டிக்குள். பெட்டிக்குள் வரிசையாகச் செருகிய பச்சைப் பலகைகள். மேலெல்லாம் எறும்பு மொய்த்த மாதிரி பொடிப்பொடி பாகங்கள். தொழிலில் அவற்றை கார்டு என்பார்கள். குப்பத்தில் ஒருவர் ஹலோ என்றால் அதை வாங்கி, போக வேண்டிய பக்கம் தள்ளிவிடுவது கார்டு. கார்டு செத்தால் அந்த ஹலோ, சொன்னவர் வாயிலேயே நின்றுவிடும். அப்படி நின்றுபோன ஹலோவை ஒரு மீன்காரம்மா மறுநாள் வரைக்கும் மென்றுகொண்டிருந்ததாகக் கேள்வி.

சுயம்புவின் மற்ற டவர்கள் எல்லாம் பரவாயில்லை. மீனவர் குப்பத்தை ஒட்டி, காம்பவுண்டு சுவருக்குள் நின்ற ஒரே ஒரு டவர்தான் வம்பு. அதன் முக்கியமான கார்டு வைத்த சூடு ஆறுவதற்குள் செத்துவிடும். கழற்றி, ரோஸ் நிறப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தண்டையார்பேட்டை ரிப்பேர் சென்டருக்குக் கொண்டுபோவான். அங்கே ஜஸீமா இருக்கிறாள்.

ஜஸீமா வண்ணாரப்பேட்டைக்காரி. தாய்மாமனின் மொபைல் கடையில் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தவள், கை வாகைப் பார்த்து யாரோ கூப்பிட, இந்த மேஜைக்கு வந்தாள். மேஜையில் ஒரு மைக்ராஸ்கோப், சூடான காற்று ஊதும் ஒரு துப்பாக்கி, மெல்லிய பிரஷ்கள், ஒரு பாட்டில் ஸ்பிரிட். அரிசி மணியை நாலாகப் பிளந்தால் வரும் அளவுள்ள பாகத்தைக் கழற்றி, அவள் தும்மிவிட்டு, மறுபடி அதே இடத்தில் வைப்பாள். அவளுக்குத் தும்மல் வந்தால் பாகங்களே நகராமல் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் என்று அங்கே ஒரு பேச்சு.

ரிப்பேர் முடிந்த கார்டை உறையில் போடும்போது அவளுக்கு ஒரு வழக்கம். குனிந்து அதனிடம் சொல்வாள்: "போற எடத்துல ஒழுங்கா இரு." பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி இருக்கும். அது திரும்பி வந்தால் வாழாமல் வந்த பெண்ணைப் பார்க்கிற மாதிரியே பார்ப்பாள். திட்ட மாட்டாள். திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒவ்வொரு தடவையும் ஒரே கதைதான். பாகங்களுக்கு நடுவே பழுப்பாக ஒரு பிசுக்கு, பிசுக்கின் மேல் உப்பு, உப்பின் மேல் சாம்பல் தூசி. "என் கையில குத்தமில்ல அண்ணே. புகுந்த வூட்டுலதான் இன்னாவோ கீது," என்பாள். சுயம்பு தலையாட்டுவான். எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் காற்று என்பான். அந்தப் பக்கத்தில் காக்காய்க் குஞ்சுகள் வெள்ளையாகப் பிறந்து, மழை பெய்தால்தான் கறுக்கும் என்று அவளுக்கு விளக்குவான். இருவரும் காற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு டீ குடிப்பார்கள்.

அப்படியே போயிருக்கும். ஒரு நாள் என்ஜினீயர் ஃப்ரெடி சார் நேரிலேயே சென்டருக்கு வந்தார். ராயபுரத்துக்காரர், கெட்டவர் இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, ஜஸீமாவின் முகத்தைப் பார்க்காமல் மைக்ராஸ்கோப்பைப் பார்த்துச் சொன்னார். மேலிடத்தில் முடிவு செய்துவிட்டார்கள். அந்தக் குப்பத்து டவர் கார்டு இன்னும் ஒரு தடவை திரும்பி வந்தால் ரிப்பேர் சரியில்லை என்று பொருள். இந்த மேஜையை எடுத்துவிடுவார்கள். கார்டுகள் எல்லாம் வெளி மாநிலத்துப் பெரிய சென்டருக்குப் போய்விடும்.

அவர் போன பிறகு ஜஸீமா கொஞ்ச நேரம் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"மேஜை போச்சுன்னா திரும்பவும் மாமா கடையில டெம்பர் கிளாஸ் ஒட்டிகினு உக்காரணும் அண்ணே," என்றாள். "ஒட்டலாம், ஒண்ணும் கேவலமில்ல. ஆனா இத்தக் கத்துக்கினதுக்கு அப்புறம் அத்த ஒட்டச் சொன்னா கை போவுமா?"

சுயம்புவுக்கு அன்றைக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. அவனுக்கு அது பெரிய விஷயம். சுனாமி எச்சரிக்கை வந்த அன்றும் இரண்டாம் குழம்பு கேட்டவன் அவன்.

ஜஸீமா மேஜையில் கிடந்த அந்தக் கார்டுக்குத் தன் வித்தை அத்தனையும் செய்து கொடுத்தாள். சுயம்பு அதைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு, வண்டியை மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டிப் போய்ப் பெட்டியில் செருகினான். பச்சை விளக்கு எரிந்தது. இந்தத் தடவை எந்தக் குறையும் வைக்கக் கூடாது என்று தீர்மானித்து, அத்தாவுல்லா பாயை வரவழைத்தான்.

அத்தாவுல்லா பாய் சாம்பிராணி போடுபவர். ஒரு கையில் தூபக்கால், மறு கையில் மயிலிறகுக் கட்டு, தோளில் பச்சைத் துண்டு. வியாழக்கிழமையானால் வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் கடை கடையாகப் புகை காட்டிக்கொண்டு போவார். இந்துக் கடை, முஸ்லிம் கடை, கிறிஸ்தவக் கடை என்று அவருடைய புகைக்குப் பேதம் தெரியாது. ஷேர் ஆட்டோவில் தூபக்காலோடு அவர் ஏறினால் மற்றவர்கள் தாங்களாகவே இறங்கிவிடுவதால், அந்த வட்டாரத்தில் ஷேர் ஆட்டோவில் காலை நீட்டி உட்கார்ந்து போகும் ஒரே மனிதர் அவர்தான்.

சுயம்புவின் அப்பா கடையில் புதிதாக எது வந்தாலும் முதலில் பாயின் புகை பட வேண்டும். தராசு வந்தது, புகை. பிரிட்ஜ் வந்தது, புகை. பிரிட்ஜ் இன்றுவரை ஓடுகிறது. கதவைத் திறந்தால் மட்டும் மோரில் கொஞ்சம் சாம்பிராணி வாசம் வரும். அப்படி வளர்ந்தவன் டவரை மட்டும் எப்படிச் சும்மா விடுவான்? முதல் தடவை கார்டு செத்தபோது ஒரு புகை போட்டான். மறுபடி செத்தது, புகை போதவில்லை என்று நினைத்து அடுத்த தடவை கூடப் போட்டான். கார்டு சாகச் சாகப் புகை கூடிக்கொண்டே போனது.

இந்தத் தடவை போட்டதுதான் எல்லாவற்றுக்கும் உச்சம். பெட்டியின் கதவையே திறந்து வைத்தான். உள்ளே புகையைக் கண்டால் அலறுகிற ஒரு வட்டமான கருவி உண்டு; அது அலறினால் கன்ட்ரோல் ரூமிலிருந்து போன் வரும். வழக்கம் போல அதன் மேல் ஒரு காகித டீ கப்பைக் கவிழ்த்து டேப் ஒட்டினான். பாய் துவா ஓதி மயிலிறகை வீசினார். பெட்டிக்குள் இருந்த காற்றாடி அத்தனை புகையையும் மிச்சம் வைக்காமல் உள்ளே இழுத்துக்கொண்டது.

"இன்னாமா இழுக்குது பாரு நைனா. இத்தினி கடைக்குப் போட்டுகீறேன், எதுவும் இப்டி வாங்கிக்கினது இல்ல," என்றார் பாய்.

சுயம்புவுக்குக் கண் கலங்கியது. புகையால் பாதி, நிம்மதியால் பாதி. புறப்படும் அவசரத்தில் டீ கப்பை எடுக்க மறந்துவிட்டான்.

அடுத்த வியாழக்கிழமை காலையில் அந்த டவர் திணறத் தொடங்கியது. ஒரு பேச்சு போகும், அடுத்தது அறுந்துவிடும். குப்பத்தில் ஒருவர் பெண்டாட்டியிடம் "வஞ்சிரம் கெடைச்சிருக்கு" என்று சொன்னது, பாதி வழியில் மாறி, மணலி புதுநகரில் ஒரு பல் டாக்டருக்குப் போய்ச் சேர்ந்தது. டாக்டர் பாத்திரத்தோடு வந்து நின்றார். சுயம்புவுக்கு அந்தத் திணறல் எதில் போய் முடியும் என்று தெரியும். என்ன செய்யலாம் என்று ஜஸீமாவைக் கேட்கத் தண்டையார்பேட்டைக்கு ஓடினான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். இன்னும் சாகவில்லை, திணறுகிறது என்று அவன் சொன்னான். அவள் பதில் சொல்வதற்குள் தெருமுனையில் மயிலிறகு தெரிந்தது. வியாழக்கிழமை, அத்தாவுல்லா பாயின் சுற்று.

"இரு மாமு, இரு. உள்ள வராத," என்று குரல் கொடுத்துவிட்டு ஜஸீமா எழுந்தாள். அலமாரியிலிருந்து பழைய பெட்ஷீட் ஒன்றை எடுத்து மேஜையில் கிடந்த கார்டுகள் எல்லாவற்றையும் மூடினாள். ஓரங்களைச் செருகினாள். மைக்ராஸ்கோப்புக்கு ஒரு தலையணை உறையை மாட்டினாள். சுவரில் இருந்த எக்ஸாஸ்ட் விசிறியைப் போட்டாள். அதற்குப் பிறகுதான், வா என்றாள். பாய் வந்தார், வீசினார், ஓதினார், போனார். விசிறி புகையைத் தெருவுக்குத் தள்ளி முடிக்கும் வரைக்கும் அவள் பெட்ஷீட்டைத் தொடவில்லை.

சுயம்பு ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் வந்து போன நாளெல்லாம் வேறு கிழமைகள். இதை அவன் பார்த்ததே இல்லை.

"எதுக்கு மூடுற?"

"எதுக்கா? சாம்பிராணி மரத்துப் பிசின் அண்ணே. புகையா போய் கார்டு மேல உக்காந்துச்சுன்னா திரும்பவும் பிசினாயிடும். அதுல உப்பு ஒட்டும், சாம்பல் ஒட்டும். ஈரக்காத்து பட்டா அதுலயே கரண்டு குறுக்கால ஓடும். கார்டு காலி." சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். "அந்தக் குப்பத்துக் கார்டுல சாம்பிராணி வாசம் வரும். எங்க சென்டர் வாசம்தான் ஒட்டிக்கினு வருதுன்னு நெனச்சேன்."

சுயம்பு ஸ்டூலில் உட்கார்ந்தான். கதவைத் திறந்து வைத்தது, டீ கப்பைக் கவிழ்த்தது, ஒவ்வொரு தடவையும் புகையைக் கூட்டிக்கொண்டே போனது, எல்லாவற்றையும் சொன்னான். அவளுக்காகத்தான் இந்தத் தடவை அவ்வளவு போட்டேன் என்பதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அது அவளுக்குத் தானாகவே தெரிந்தது.

அவள் பெட்ஷீட்டை உருவி மடித்தாள்.

"அப்ப மாமியாரு நீதானா அண்ணே," என்றாள்.

கோபப்பட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் பிரஷ்ஷையும் ஸ்பிரிட் பாட்டிலையும் பையில் போட்டாள். கார்டு சாவதற்கு முன்னால் போய், அங்கேயே கழுவிவிட்டால் அது திரும்பி வந்ததாகக் கணக்கில் வராது. ஆனால் பகலில் டவரை நிறுத்த ஃப்ரெடி சாரின் அனுமதி வேண்டும். அனுமதி வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொன்னால் சுயம்பு மறுபடியும் அண்ணன் கடையில் துவரம்பருப்பு நிறுக்கப் போக வேண்டியதுதான். வேறு ஏதாவது சொல்லிக்கொள், தூசி என்று சொல் என்றாள் ஜஸீமா. தூசி என்றால் போன தடவை ஏன் சரியாகத் துடைக்கவில்லை என்று அவளைத்தான் கேட்பார்கள் என்றான் சுயம்பு. போனை எடுத்தான்.

"சார், குப்பத்து டவரை நிறுத்தணும். கார்டு மேல தப்பில்ல, ஜஸீமா மேலயும் தப்பில்ல. நான்தான் சாம்பிராணி போட்டேன். பொட்டிக்குள்ள போட்டேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று சுயம்பு போனைப் பார்த்தான். அறவில்லை.

"டவர்கிட்ட வா," என்றார் ஃப்ரெடி சார். "நானும் அங்கதான் போய்க்கினு கீறேன்."

இருவரும் ஆட்டோ பிடித்துப் போனார்கள். டவரின் காம்பவுண்டு கேட் திறந்து கிடந்தது. உள்ளே ஃப்ரெடி சார் ஹெல்மெட்டை உருட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால், மூடிய பெட்டியின் காற்று இழுக்கும் சல்லடைக்கு நேராக, தூபக்காலை உயர்த்திப் பிடித்தபடி அத்தாவுல்லா பாய். ஷேர் ஆட்டோவில் காலை நீட்டிக்கொண்டு முன்னாலேயே வந்துவிட்டார்.

"பாய், இன்னிக்கு நான் வரச் சொல்லலியே," என்றான் சுயம்பு.

"இது உன்னுது இல்ல நைனா. சாருது."

ஃப்ரெடி சார் காம்பவுண்டு சுவரை ஆராய்ந்தார். பாய் தன் போக்கில் சொல்லிக்கொண்டே போனார். சுயம்புவினுடையது போன வியாழன். மறுநாள் வெள்ளிக்கிழமை குப்பத்துப் படகுக்காரர்கள் வரச் சொன்னார்கள். டவர் படுத்தால் கடலுக்குப் போனவர்களோடு கரையில் இருப்பவர்கள் பேச முடியாதாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஃப்ரெடி சார். இன்றைக்கு மறுபடியும் அவரே. ஒருவர் போட்டது இன்னொருவருக்குத் தெரிய வேண்டாம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொன்னதால் பாயும் வாயைத் திறக்கவில்லை. தொழில் தர்மம்.

"அந்த மேஜையை எடுக்குறேன்னு மேல சொன்னப்ப எனக்கு மனசு கேக்கல," என்றார் ஃப்ரெடி சார், சுவரிடம். "போட்டுப் பாப்போம்னு நெனச்சேன். உள்ளுக்குள்ள புகை போவுது, அலாரம் அடிக்கவே இல்ல. அதை ஒரு அருள்னு நெனச்சிட்டேன்."

சுயம்பு பெட்டியைத் திறந்து, டீ கப்பை டேப்போடு பிய்த்து அவரிடம் காட்டினான். ஃப்ரெடி சார் அதை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். கப்பின் அடியில் கொஞ்சம் டீ காய்ந்திருந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அனுமதி கிடைத்தது. டவர் நின்றது. ஜஸீமா பெட்டி நிழலில் ஒரு கோணியை விரித்து உட்கார்ந்து கார்டை மடியில் வைத்துக்கொண்டாள். பழுப்புப் பிசின் மிட்டாய்ப் பாகு மாதிரி படிந்திருந்தது. கூட்டம் கூடிவிட்டது, போன் வேலை செய்யாவிட்டால் மனிதர்களுக்கு நேரில் பார்க்க நேரம் கிடைக்கும். அவள் யாரையும் பார்க்கவில்லை. பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் தோய்த்து, மூலை மூலையாக, குழந்தைக்குக் காது கழுவுகிற மாதிரி கழுவினாள். ஸ்பிரிட் பழுப்பாக வழிந்தது. இனிமேல் வழியாது என்கிற வரைக்கும் கழுவினாள். வெயிலில் உலர்ந்ததும் குனிந்து, "இனிமே ஒண்ணும் ஆவாது. மாமியாரு திருந்திட்டா," என்று அதனிடம் சொல்லி, சுயம்புவின் கையில் கொடுத்தாள்.

செருகினான். காற்றாடி சுற்றியது. விளக்கு சிவப்பாகவே நின்றது. ஃப்ரெடி சார் கண்ணை மூடிக்கொண்டார். பாய் பழக்க தோஷத்தில் மயிலிறகைத் தூக்கினார். ஜஸீமா அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். விளக்கு பச்சையானது. உடனே சுற்றிலும் நின்றவர்களின் சட்டைப் பைகளும் மடிகளும் ஒரே நேரத்தில் அலறின. கூட்டம் நொடியில் கலைந்தது.

ஃப்ரெடி சார் அங்கேயே நின்று மேலிடத்துக்குப் போன் போட்டார். கார்டில் குறை இல்லை, ரிப்பேரிலும் குறை இல்லை, வெளியிலிருந்து புகை உள்ளே போய்ப் படிந்திருக்கிறது, இனிமேல் போகாதபடி பார்த்துக்கொள்கிறோம் என்றார். எந்த ஏரியா என்று அந்தப் பக்கம் கேட்டார்கள்.

"திருவொற்றியூர் சார்."

அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. சுற்றிலும் ஆலைப் புகைபோக்கிகள் நிற்கும் அந்த ஊரின் பெயரும் புகையும் சேர்ந்து வந்தால் உலகத்தில் யாரும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை. மேஜை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஃப்ரெடி சார் முதன்முறையாக ஜஸீமாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அவள் தலையைக் குனிந்து பிரஷ்ஷைத் துடைக்கத் தொடங்கினாள். இந்தத் தடவை அதில் நிஜமாகவே அழுக்கு இருந்தது.

மிச்சம் இருந்தது பாய்தான். அவரிடம் எப்படிச் சொல்வது என்று சுயம்புவும் ஃப்ரெடி சாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜஸீமாதான் சொன்னாள், சென்டரில் தான் ஏன் பெட்ஷீட் போர்த்துகிறாள் என்பதிலிருந்து தொடங்கி. பாய் கடைசி வரைக்கும் கேட்டார். தூபக்காலில் கங்கு கனன்றுகொண்டிருந்தது. அதைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டார்.

"அதான பாத்தேன்," என்றார். "எந்தக் கடையில போட்டாலும் புகை வெளிய வரும். இது மட்டும் உள்ள இஸ்துக்கினே இருந்துச்சு. நல்ல பக்தியான பொட்டின்னு நெனச்சேன்." பெட்டியை மயிலிறகால் மெதுவாகத் தடவினார். "வலிச்சிருக்குமே அதுக்கு."

அடுத்த வியாழக்கிழமை சுயம்பு டவரில் இருந்தபோது கேட் அருகே பாய் வந்து நின்றார். சுயம்பு பதறிப்போய்ப் பெட்டிக் கதவை முதுகால் அணைத்துக்கொண்டான். பாய் உள்ளே வரவில்லை. ஒரு விரலை எச்சிலில் நனைத்துக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார். கடலிலிருந்து தெருவுக்கு அடித்தது. தெருவில் ஓர் இடத்தைக் காட்டி, அங்கே வந்து நில் என்றார்.

"டவருக்கு வேணாம், சரி. டவரப் பாத்துக்குறவனுக்கு வேணுமா வேணாமா?"

சுயம்பு கதவு பூட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, போய்க் கைகட்டி நின்றான். பாய் ஒரு பிடி சாம்பிராணியை அள்ளிக் கங்கில் போட்டார். டவருக்குப் போடாமல் மிச்சமானதையெல்லாம் சேர்த்துப் போட்டார் போலிருக்கிறது. எதிர்வீட்டு ஆடு எழுந்து வேறு தெருவுக்குப் போய்விட்டது. சுயம்பு இருமினான், கண்ணைக் கசக்கினான், நகரவில்லை. புகை முழுவதும் அவன் மேல் பட்டு, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊர்ப்பக்கமாய்ப் போயிற்று. பின்னால் சுவருக்குள் காற்றாடி வெறும் உப்புக்காற்றை இழுத்துக்கொண்டிருந்தது.